கேட்காமல் எடுத்த கருவேப்பிலை

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாவது கருவேப்பிலைக் கன்றும் போய்விட்டது. நேற்று மாலை வரை இலை இருந்தது. காலையில் குச்சிதான் நிற்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தேன். பச்சை இல்லை.

சுந்தரவல்லி காபி டம்ளரோடு வந்து பின்னால் நின்றாள். என் மனைவி பேசாமல் நிற்பது அவள் பேச்சைவிட நீளமாக இருக்கும். கடைசியில் சொன்னாள்: "ஒரு கொத்து கருவேப்பிலைக்கு பஸ் ஏற வேண்டிய இடத்துல வீடு கட்டியிருக்கீங்க."

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்ட்ரம். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவள் திட்டுவதில் பாதி தமிழுக்குள் வராது. அதுவும் நல்லதுக்குத்தான்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் மஹால் பக்கத்துச் சந்தில் அத்தனை வருஷம் இருந்தோம். அங்கே ஜன்னல் வழியே கை நீட்டினால் எதிர் வீட்டு ரசம் வரும். ஓய்வு பெற்றதும் நான்தான் ஆசைப்பட்டு, அவனியாபுரத்தைத் தாண்டி இந்தச் சரளைப் பொட்டலில் வீடு கட்டி அவளைக் கூட்டி வந்தேன். சுற்றிலும் சீமைக் கருவேலம். தலைக்கு மேல் விமானம். பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வீடு. அதுவும் ஷேர் ஆட்டோக்காரர் வீடு.

போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு ஷேர் ஆட்டோவைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. எங்கள் பஸ் வருவதற்கு முன்னால் ஸ்டாப்பில் நிற்கிற கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகிற வண்டி அது. ஜெயபாண்டி என்ற அந்த ஆளோடு இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதாகவும் இல்லை.

மார்ச் 12

இன்று தீர்ப்பு வந்துவிட்டது.

சுந்தரவல்லியின் அக்கா ஸ்ரீலட்சுமி வீட்டில் மாடி காலியாகிவிட்டதாம். போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இங்க ஒரு மனுஷி இருக்கலாம்னு எனக்குத் தோணுச்சுன்னா இருக்கேன். இல்லேன்னா அக்கா வீட்டு மாடிக்குப் போயிடறேன். நீங்க உங்க குச்சிக்கெல்லாம் காவல் இருங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

 வீடு கட்டியது அவளோடு இருக்க. அவள் அக்கா வீட்டு மாடியில், நான் இங்கே சரளைக் கல்லோடு — அதற்கு நான் வேலையிலேயே இருந்திருக்கலாமே?

மார்ச் 16

பெங்களூரில் இருக்கிற மகள் மீனாவிடம் சொன்னேன். அம்மா போவதைப் பற்றி இல்லை, கருவேப்பிலையைப் பற்றி. "அப்பா, நீங்க மண்ணோட சண்டை போடறீங்க. பெர்மாகல்ச்சர்னு ஒண்ணு இருக்கு, மண்ணோட போக்குலயே போற விவசாயம்" என்று வீடியோக்களாக அனுப்பித் தள்ளிவிட்டாள்.

நாள் முழுக்கப் பார்த்தேன். ஒருவர் பாலைவனத்தில் காடு வளர்த்திருக்கிறார். வெறும் மண்ணை வெயில் பார்க்கக் கூடாது, சருகு போட்டு மூட வேண்டும். அதற்கு மூடாக்கு என்று பெயர். மழைத் தண்ணீரை ஓட விடாமல் குழியில் நிறுத்த வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போக வேண்டும். முக்கியமாக, அந்தந்த மண்ணில் ஏற்கெனவே பிழைத்துக் கிடக்கிற செடிகளைத் தேடிக் கொண்டுவர வேண்டும். நர்சரியில் குளுகுளுவென்று வளர்ந்தவை நம் வெயிலில் ஒரு வாரம் தாங்காது.

புரிந்தது. நானும் அப்படித்தான் முதல் வாரம் மயங்கி விழுந்தேன்.

மார்ச் 23

செடி தேட சகலை வெங்கடேஷ்பாபு தன் வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். அந்த மாடி வீட்டின் சொந்தக்காரர் அவர்தான். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் ஒரு பூங்காவில் கூடி, மிஞ்சிய கன்று, குச்சி, விதைகளை மாற்றிக்கொள்வார்கள். யாரும் காசு வாங்குவதில்லை. நல்ல ஏற்பாடு. அவர் தலைவராக இருப்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூங்காவுக்குப் போனேன். கற்பூரவள்ளி, பிரண்டை, நொச்சிக் குச்சி, தூதுவளை கிடைத்தன. சகலை எல்லோர் முன்னாலும் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றி, ஒரு கருவேப்பிலைக் கன்றையும் கொடுத்தார். நான் ஒவ்வொருவரிடமும் கைகூப்பி நன்றி சொன்னேன். சகலைக்கு இரண்டு தடவை சொன்னேன், பின்னால் பேச்சு வரக் கூடாது என்று.

நொச்சி கொடுத்த பெண்மணிக்கு முகம் மாறிவிட்டது. "நன்றி சொல்லாதீங்க சார். செடிக்கு ஆகாது. செத்துரும்."

அவருக்கும் அவருடைய கருத்துக்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 20

எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. சகலையின் கருவேப்பிலை முதலில் போனது. மூடாக்கு போட்டேன், தென்னை மட்டையால் நிழல் கட்டினேன், வீடியோவில் சொன்னபடி எல்லாம் செய்தேன். நன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க முடியாது. போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதுதான் காரணம்.

சுந்தரவல்லி கேட்டாள்: "நன்றி எத்தனை தடவை சொன்னீங்க?"

மே 4, ஞாயிறு

இன்று நான் செய்தது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பூங்காவில் ஒருவர் அழகான சீத்தாக் கன்று கொண்டுவந்திருந்தார். பழக்க தோஷம், "எங்கே எடுத்தது?" என்று கேட்டேன். "அந்தா, அங்கதான்" என்று பூங்காவின் மூலையைக் காட்டினார். அடுத்தவருடைய சோற்றுக்கற்றாழை சாலைத் தடுப்பிலிருந்து வந்தது. இன்னொருவருடைய மருதாணி ஒரு கல்யாண மண்டபத்து வேலியிலிருந்து. எழுபது தாண்டிய ஒரு மாமி கோவில் நந்தவனத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். சகலை மாடியில் இருக்கிற, நானே பத்துத் தடவை பாராட்டிய அடுக்குச் செம்பருத்தி? டாக்டர் வீட்டு காம்பவுண்டிலிருந்து ஒடித்ததாம். ஸ்ரீலட்சுமி உள்ளே இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது.

"கேக்காம எடுத்தாத்தான் பிடிக்கும் சகலை. காலங்காலமா அப்படித்தானே" என்கிறார், எல்.ஐ.சி.யில் அதிகாரியாக இருந்தவர்.

எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. இது டிக்கெட் இல்லாப் பயணம், இதில் நான் ஏற மாட்டேன், இனிமேல் ஒவ்வொரு செடிக்கும் எங்கிருந்து வந்தது, யார் அனுமதி கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும் என்றேன். 

மே 5

காலைக்குள் பாதிப் பேர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள். மீதிப் பேர் குட் மார்னிங் படம் அனுப்பியிருக்கிறார்கள். மாமி ஒரு சாமி படம் அனுப்பியிருக்கிறார். யாரிடமிருந்து எடுத்ததோ.

ஜூன் 1, ஞாயிறு

பூங்காவுக்கு நானும் சகலையும் மட்டும் வந்தோம். அவரும் ஸ்ரீலட்சுமி விரட்டியதால் வந்தவர். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். "நல்லா ஓடிக்கிட்டிருந்த குழு" என்றார். பிறகு, "மாடில பெயின்ட் அடிச்சாச்சு, சுந்தரிக்குப் பிடிச்ச கலர்" என்றார்.

மீதிச் சுண்டலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் ஒரு முடிவோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஆம், ஷேர் ஆட்டோ வீட்டுக்கு. அவர்கள் கொல்லையில் ஓங்கி ஒரு கருவேப்பிலை மரம். அதன் அடியில் பக்கக் கன்றுகள் கூட்டமாக முளைத்துக் கிடக்கின்றன. இதே மண், இதே உப்புத் தண்ணீர். நான் தேடிக்கொண்டிருந்த, நம் வெயிலுக்குப் பழகிய கன்று வேலிக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் இருந்திருக்கிறது. ஜெயபாண்டியிடம் கேட்கக் கூடாது என்ற வீம்பில் நான் மதுரை முழுக்க அலைந்திருக்கிறேன்.

நல்ல வேளை, அவர் வண்டியோடு போயிருந்தார். அவர் மனைவி பாண்டீஸ்வரி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். முறைப்படி கேட்டேன்: "அம்மா, உங்கள் மரத்தடியிலிருந்து ஒரு கன்று தர முடியுமா?"

முகமெல்லாம் சிரிப்பு. "அதுக்கென்னண்ணே, மழ பேஞ்சு மண்ணு பொதுபொதுன்னு கெடக்கு. இன்னைக்கு வச்சா பிடிச்சுக்கிரும்." மம்பட்டியை எடுத்து வந்து மரத்தில் சாய்த்து வைத்தாள். நான் கை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் நகர ஆரம்பித்தாள்.

"கன்று?"

"கருவேப்பிலைய மட்டும் கையால குடுக்கிறதில்லண்ணே. குடுத்தா எங்க மரமும் பட்டுப்போகும், ஒங்களுக்கும் பிடிக்காது. நான் ஆட்டுக்குத் தண்ணி வைக்கப் போறேன். நீங்க பாட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. நான் பாக்கல."

"நீங்கள் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போங்கள், போதும்."

"சொன்னா குடுத்ததுதான?"

"சொல்லாவிட்டால் திருட்டு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆட்டுக்கு நிஜமாகவே தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள். நான் அதே இடத்தில் நின்றேன். மறுபடி போய், ஏற்கெனவே கழுவிய சட்டியைக் கழுவிவிட்டு வந்தாள். அப்போதும் நின்றேன். மூன்றாம் முறை வந்தபோது சிரிப்பு போய்விட்டது.

"எங்க வீட்டுக் கன்னு வேணாம்னா வேணாம்னு சொல்லீட்டுப் போங்கண்ணே. இம்புட்டு நேரம் எதுக்கு நின்னீங்க?"

"திருடி வைக்கிற கன்று எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான், அந்த வாக்கியத்தில் அவளையும் சேர்த்துத் திட்டியது போல இருக்கிறது என்று உறைத்தது.

ஜூலை 7

சுந்தரவல்லிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சௌராஷ்ட்ரத்தில் நான் கேட்டிராத சொற்கள்கூட வந்தன. சாரத்தை மட்டும் எழுதுகிறேன்: கொடுப்பதை வாங்கத் தெரியாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டு, பேச இருந்த ஒரே வீட்டையும் பகைத்துக்கொண்டாயிற்று.

"உங்களுக்காக நான் போய் மன்னிப்பு கேக்கறேன்" என்று சாயங்காலம் படியிறங்கிப் போனவள், விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

ஒரு மன்னிப்புக்கு இவ்வளவு நேரமா? பாண்டீஸ்வரி ரொம்பக் கோபமாக இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

அகத்தி விதைக்காக சோழவந்தான் போனேன். சீக்கிரம் நிழல் தருகிற மரம் அதுதான் என்று வீடியோவில் சொன்னார்கள். அங்கே கொடிக்காலில் வெற்றிலைக் கொடிகளை அகத்தி மேல்தான் ஏற்றுகிறார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வெற்றிலைத் தோட்டத்துக்குள் யாரும் செருப்போடு போவதில்லையாம். சேற்றில் வெறுங்காலோடு நின்றது சுகமாகத்தான் இருந்தது.

தோட்டக்காரர் சின்னக்கருப்பன் ஒரு பிடி அகத்தி நெற்று கொடுத்தார். நான் வாயைத் திறந்தேன். "ஒண்ணும் சொல்லாம, திரும்பிப் பாக்காமப் போங்க சார்" என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நாலு தப்படி வைத்த பிறகுதான் செருப்பு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்கவும் முடியாது. பின்பக்கமாகவே நடந்து வந்து காலால் துழாவி மாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

அகத்தி முளைத்துவிட்டது. அத்தனையும்.

நன்றி சொல்லாததால் என்று சொல்ல மாட்டேன். நல்ல விதை.

ஆகஸ்ட் 17

தோட்டத்தில் என்னவோ நடக்கிறது. செத்துவிட்டது என்று கைவிட்ட நொச்சி துளிர்த்திருக்கிறது. கற்பூரவள்ளி உள்ளங்கை அகலத்துக்கு இலை விடுகிறது. பிரண்டை வேலியில் ஏறிவிட்டது. தூதுவளைக் குச்சியைக் குப்பையில் போட்டதாக ஞாபகம். ஆனால் தொட்டியில் பூத்து நிற்கிறது.

மூடாக்கு. வேறென்ன? மண்ணை மூடி வைத்துப் பொறுமையாக இருந்தால் மண் திருப்பிக் கொடுக்கும். படம் எடுத்து, "முறையான பராமரிப்பு, நேர்மையான வழி" என்று தலைப்புப் போட்டுக் குழுவில் அனுப்பினேன். சகலை மட்டும் கட்டைவிரலைக் காட்டினார்.

சுந்தரவல்லியிடம் காட்டினேன். "உங்க கைராசிங்க" என்றாள். அவளுக்கு அப்போது இருமல் வந்துவிட்டது.

செப்டம்பர் 10

அகத்தி என் தோளுக்கு வந்துவிட்டது. பாண்டீஸ்வரியின் ஆடுகள் வேலி தாண்டி ஒரே ஒரு நாள் மேய்ந்தன. நான் சத்தம் போடுவதற்குள் அவளே ஓடி வந்து பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை, அடுக்களைப் பக்கம் பார்த்து, "ஆட்ட இனிமே கட்டியே போடுறேன் மதினி" என்றாள்.

மதினியா? இது எப்போதிலிருந்து?

செப்டம்பர் 28

தீபாவளி நெருங்குகிறது. சுந்தரவல்லி மாடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்றுதான்.

நிழல் வந்துவிட்டது. கீரை வந்துவிட்டது. கருவேப்பிலை வரவில்லை. முதலில் கேட்டதே அதைத்தான்.

அக்டோபர் 5

பெரிய வாணலியைக் காணோம்.

அக்டோபர் 7

அரிகரண்டியையும் முறுக்குக் குழலையும் காணோம். பித்தளை அண்டா இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி மட்டும் இருக்கிறது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். நல்ல தாம்பாளங்களும் போய்விட்டன.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரேயடியாக வண்டி வைத்து ஏற்றினால் நான் சங்கடப்படுவேன் என்று, தவணை தவணையாக வீட்டை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போகப் போகிறவள் எதற்கு நெற்றியைத் தொட வேண்டும்?

அக்டோபர் 12, ஞாயிறு

செய்துவிட்டேன்.

காலையில் மழை. மண் பொதுபொதுவென்று இருந்தது. மத்தியானம் சுந்தரவல்லி எங்கோ போயிருந்தாள். பக்கத்து வீட்டில் ஆள் அரவம் இல்லை. ஆட்டோவும் இல்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். வேட்டி பிரண்டை ஏறிய வேலி முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

வாழ்நாள் முழுக்க டிக்கெட் இல்லாதவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கி விட்டவன், கருவேப்பிலை மரத்தடியில் குந்தி உட்கார்ந்து ஒரு கன்றின் வேரைச் சுற்றித் தோண்டினேன்.  கட்டெறும்பு ஒன்று கணுக்காலுக்கு மேல் ஏறிக் கடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வாயைத் திறக்க முடியவில்லை.

கன்று வேரும் மண்ணுமாகக் கையில் வந்த நேரம், சந்தில் ஆட்டோ திரும்பியது.

ஜெயபாண்டி. வண்டி நிறைய ஆள் வேறு. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் ஒரு கையில் மம்பட்டி, இன்னொரு கையில் கன்று. கையும் களவுமாக என்றால் இதுதான்.

அவர் பிரேக் போட்டார். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஆட்டோவை ரிவர்ஸ் எடுத்தார். சந்து முழுக்க, மெயின் ரோடு வரைக்கும், பின்னாலேயே போனார். உள்ளே இருந்த ஒரு பெரியம்மா, "ஏப்பா, எறங்குற எடம் வந்துருச்சே" என்று கேட்டார். "இன்னும் வரலத்தா" என்ற ஜெயபாண்டியின் குரலும் கேட்டது. ரோட்டில் நின்று நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் வேலி தாண்டி என் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் வண்டி மறுபடி சந்துக்குள் வந்தது.

கன்றை நட்டுத் தண்ணீர் விட்டு மூடாக்கு போட்டேன். மனசு ஆறவில்லை. எடுத்ததற்கு ஈடாக என் தூதுவளைத் தொட்டியைக் கொண்டுபோய், நான் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

அக்டோபர் 13

சரியாகவில்லை.

காலையில் பாண்டீஸ்வரி தூதுவளைத் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "என்ன காரியம்ணே பண்ணி வச்சிருக்கீங்க. எடுத்ததுதான் எடுத்தீங்க, அதுக்குப் பதிலு வச்சா எப்படிப் பிடிக்கும்? டிக்கெட்டு எடுத்துட்டீங்களே."

திருடியதற்குத் திட்டு வாங்கியவர்கள் உண்டு. முழுசாகத் திருடாததற்குத் திட்டு வாங்கியவன் நான் ஒருவன்தான்.

"மதினியப் பாருங்க. அந்த நொச்சி, கற்பூரவள்ளி, பெரண்ட, இந்தா இந்தத் தூதுவள, அம்புட்டும் எங்க கொல்லையில இருந்து எடுத்துட்டுப் போச்சு. ஒரு தடவையாவது பதிலுக்கு ஒண்ண வச்சுச்சா?"

நான் சுந்தரவல்லியைப் பார்த்தேன். அவள் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் பாலே இல்லை.

ஆக, நான் படம் எடுத்து நேர்மையான வழி என்று ஊருக்கெல்லாம் அனுப்பிய தோட்டம், அகத்தியைத் தவிர முழுக்க டிக்கெட் இல்லாப் பயணிகள். மத்தியானம் நான் தூங்குகிற நேரத்தில், செத்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உயிருள்ளதை அதே குழியில் வைத்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். என் வீட்டில் வேலி தூங்கியிருக்கிறது.

"சரி, தொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன் பாண்டீஸ்வரியிடம்.

"குடுத்தா எனக்கு வேணாம். ஒங்க வாசல்லயே இருக்கட்டும். நான் ஒரு நா பாத்து எடுத்துக்கிறேன். நீங்க பாக்காம இருந்தாச் சரி."

அக்டோபர் 18

கன்று தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது. நாளைக்கு மறுநாள் தீபாவளி. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "நான் டிக்கெட் எடுத்தது தப்புத்தான். அதுக்காக இப்படியா?" செடியிடம் பேசுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, தீபாவளி

வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் சுந்தரவல்லியைக் காணோம். அவள் பட்டுப்புடவையும் கொடியில் இல்லை. வாசலில் போய் நின்றேன்.  போய்விட்டாள், சொல்லாமலே போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் மஹால் சந்தோடு விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன்.

வேலி வழியாகப் பார்த்தேன். கல் அடுப்பில் எங்கள் வாணலி. எங்கள் அரிகரண்டி. எங்கள் அண்டா நிறைய அதிரசம். பாண்டீஸ்வரி மாவைத் தட்டிப் போட, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுந்தரவல்லி எண்ணெயிலிருந்து எடுக்கிறாள். தட்டை, முறுக்கெல்லாம் போன வாரமே முடிந்துவிட்டதாம். "உள்ள வாங்க மச்சான், எதுக்கு வேலியில நிக்கிறீங்க?" என்றார் ஜெயபாண்டி. என் சர்வீஸில் எந்த ஷேர் ஆட்டோக்காரரும் என்னை மச்சான் என்றதில்லை. தட்டில் இரண்டு அதிரசம் வைத்து நீட்டினார். சூடு. நாக்கு வெந்துவிட்டது. அதனால்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொன்னேன்.

பத்து மணிக்கு அக்காவும் சகலையும் வந்தார்கள். எல்லோரும் அகத்தி நிழலில் உட்கார்ந்து பேசினோம். நானே பேச்சை ஆரம்பித்துவிட்டேன். "மாடிச் சாவி எப்போ வாங்கணும்?"

ஸ்ரீலட்சுமி என்னை விநோதமாகப் பார்த்தாள். "எந்த மாடி? அதை ஆவணியிலேயே வேற ஆளுக்கு விட்டாச்சே. சுந்தரிதான் போன் பண்ணி, நான் எங்கயும் வரலை, யாருக்காவது குடுத்துருங்கன்னா. உங்ககிட்ட சொல்லலையா?"

ஆவணியில். நான் தூக்கம் கெட்டு வாணலியையும் கரண்டியையும் எண்ணிக்கொண்டிருந்தது புரட்டாசியில்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன்: "ஏன் சொல்லலை?"

பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா தோட்டத்தை விட்டிருப்பீங்க."

பிறகு அவளே, "அன்னிக்கு நீங்க போய் அந்தக் கூத்து அடிக்கலேன்னா நான் பாண்டீஸ்வரி வீட்டுப் படி ஏறியிருக்கவே மாட்டேன்" என்றாள்.  துடைத்த பாத்திரங்களை நான் அலமாரியில் அடுக்கினேன்.

அக்டோபர் 29

நல்ல மழை. கன்றில் நுனியில் சிவப்பாக ஒரு துளிர்.

நவம்பர் 2, ஞாயிறு

குழுவில் செய்தி போட்டேன்: "மாதச் சந்திப்பு இனி என் வீட்டில். இந்த மாதம் 23ஆம் தேதி. நான் எதுவும் கேட்க மாட்டேன்."  முதலில் மாமி ஒரு சாமி படம் அனுப்பினார். அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஊர்ப்பட்ட கூட்டம். ஜெயபாண்டி மெயின் ரோட்டிலிருந்து நடை நடையாக எல்லோரையும் கொண்டுவந்து இறக்கினார். நான் பஸ் நிறுத்தத்தில் நின்று அவர்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். இதை எழுத வேண்டும் என்று அவசியமில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

எல்லோரும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அகத்தி நாற்றுகள் மூலையில் நெருக்கமாக நின்றன. மண்ணில் காலையிலேயே தண்ணீர் விட்டிருந்தேன். மம்பட்டியை மரத்தில் சாய்த்து வைத்தேன். "சைக்கிளுக்குக் காற்றடிக்கணும், கொஞ்ச நேரமாகும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனேன். ஏற்கெனவே காற்று இருந்த சக்கரத்துக்கு மறுபடி அடித்தேன். பின்னால் ஒரே சலசலப்பு. மாமியின் குரல் கேட்டது. சகலை யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது எத்தனை போயிருக்கிறது என்று எண்ணவும் இல்லை.

வாசலில் இருந்த தூதுவளைத் தொட்டியையும் காணோம். நல்லது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ரசத்தின் வாசனை தூக்கியது. எழுந்து போய்ப் பார்த்தேன். என் கன்றில் இருந்த சில கொத்துகளில் ஒன்று குறைந்திருந்தது. காம்பில் புது ஈரம்.

"கருவேப்பிலைல ஒரு கொத்தைக் காணோம்" என்றேன்.

"யாராவது எடுத்திருப்பாங்க" என்றாள் சுந்தரவல்லி, எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே.

ரசம் நன்றாக இருந்தது. அவளிடம் நன்றி என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ரசத்துக்கு மட்டும் இல்லை. சொல்லவில்லை. செடி இன்னும் சின்னது.